அரைச் சுற்று லூஸ் பண்ணுங்க மாஸ்டர்

இன்று காலையும் யாரோ திருப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். நேற்றுப் பொழுதுபட ஓரங்கட்டியபோது, கரும்புகை கக்கினாலும், ட்ராக்டர் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விடிந்து ஸ்டார்ட் பண்ணினால் நாலு இருமல் இருமி அணைந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். காபரேட்டர்மேல் பல வருஷமாகப் படிந்த அழுக்கில் புத்தம்புதுப் பெருவிரல் ரேகை. பக்கத்துச் சின்ன ஸ்குரூவின் தலையில் பளிச்சென்று ஒரு கீறல். யாரென்று விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் ஆள் மறுக்க மாட்டார், அதுதான் பயம். "நாந்தான் மாஸ்டர், பாவமேன்னு கொஞ்சம் செட் பண்ணி வச்சேன். இப்ப எப்பிடி ஓடுது?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் இன்னொரு கால் சுற்றுத் திருப்பிவிட்டுத்தான் போவார்.

ட்ராக்டர் எனக்கும் மச்சானுக்கும் பொது. தோட்டத்தில் கொழுந்து ட்ரெய்லர் இழுத்து ஓய்ந்து, ஏலத்துக்கு வந்து, பல கை மாறி எங்களிடம் சேர்ந்த சாம்பல் நிற ஃபெர்குசன். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து உலகமெல்லாம் அனுப்பிய டிஈ-20 வகை. இந்த வயதில் அது ஓடுவதே செய்தவர்களுக்குப் பெருமை. கோளாறு எதுவும் அவர்கள் கணக்கில் சேராது. எங்களிடம் வந்தபிறகு மரக்கறி மூட்டை, மாட்டெரு, விறகு என்று அதற்கு ஒரு சில்லறைப் பிழைப்பு. எங்கள் ஊர் மடுல்கெல்லயில் சமதரையாக நாலு அடி கிடைப்பது அபூர்வம் என்பதால் வீட்டு வாசலில் அதை நிறுத்த முடியாது. பஸ் ஹோல்ட்டை ஒட்டி நிற்கிறது. ஆகவே அதற்கு ஏதும் வந்தால் அது எங்கள் குடும்ப விஷயமாக இருப்பதில்லை. வத்தேகம பஸ் எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்கு என் காபரேட்டர் திருகப்படும்.

வியாதி சாதாரணமானது. மெக்கானிக்மார் "ரிச்சா ஓடுது" என்பார்கள். எஞ்சினுக்குள் காற்று போதாது, பெற்றோல் கூட. பெற்றோல் ஒழுங்காக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று வேண்டும். லீற்றரில் சொன்னால் இன்னும் மலைப்பாக இருக்கும்: ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சுமார் ஒன்பதாயிரம் லீற்றர் காற்று. காற்று சும்மா கிடைக்கிறது, பெற்றோலுக்குத்தான் காசு. எங்கள் ட்ராக்டர் சும்மா கிடைப்பதை விட்டுவிட்டுக் காசுக்கு வாங்குவதையே குடிக்கிறது. ப்ளேன்டீயில் சீனியை அள்ளிக் கொட்டினால் பாதி அடியில் தங்கிவிடும் அல்லவா, அதுபோல எரியாத மிச்சம் கரியாகிப் பிளக்கில் படிகிறது, சைலன்சரில் படிகிறது, கொடியில் காயும் வேட்டியில் படிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைலன்சரில் விரலை விட்டு மையெடுத்து மீசை வரைந்துகொண்டு போகிறார்கள். ரிட்டயரான வாத்தியாருக்கு அதைப் பார்த்துக் கோபம் வருகிறது என்றால் மீசைக்காக அல்ல. லீற்றர் என்ன விலை விற்கிறது!

கரும்புகையின் காரணத்தை எந்த வரிசையில் தேட வேண்டும், எதை முதலில் பார்த்தால் மற்றதைப் பார்க்கும் வேலை மிச்சம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்த ஸ்குரூவைப் பற்றி ஒரு வார்த்தை.

காபரேட்டரில் பத்துப் பதினைந்து உறுப்புகள் இருக்கின்றன. மிதவை, ஊசி வால்வு, பெரிய ஜெட், சின்ன ஜெட், சோக் தகடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கின்றன. வெளியே தெரிவது ஒரு ஸ்குரூ. அதன் தலையில் ஒரு வெட்டு. ஆண்பிள்ளையாய்ப் பிறந்தவன் அந்த வெட்டைக் கண்டால் சும்மா போக முடியாது. முதலில் வந்தவர் பஸ் டிரைவர். பஸ்ஸை நிறுத்தி, ஆட்களை இறக்கி, ஏற்றி, கொண்டக்டர் விசிலடித்தபிறகும் இறங்கி வந்து, "இதுக்குத்தானா?" என்று கேட்டு அரைச் சுற்று இறுக்கிவிட்டுப் போனார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் முணுமுணுக்கவில்லை. ஜன்னலால் தலையை நீட்டி, "இன்னுங் கொஞ்சம்!" என்றார்கள். அடுத்தது மோட்டார் சைக்கிள் தம்பி. இறுக்கியது பிழை என்றான். "லூஸ் பண்ணனும் சேர், எங்க பைக்கில லூஸ் பண்ணினாத்தான் சரியா வரும்." ஒரு சுற்று லூஸ். பிறகு கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். அங்கெல்லாம் இப்படிக் கையால் தொடவே மாட்டார்கள், கம்ப்யூட்டரில் வயர் கொழுவித்தான் பார்ப்பார்கள் என்று அரைமணி நேரம் விளக்கினார். விளக்கி முடித்து, பர்ஸிலிருந்து பத்து ரூபாய்க் காசை எடுத்துக் கையாலேயே திருப்பினார்.

இதில் நான் கவனித்த ஒன்று: இத்தனை பேரில் ஒருவரிடமும் ஸ்குரூ டிரைவர் கிடையாது. ஆனால் எல்லாரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. காசு, வீட்டுச் சாவி, வெற்றிலைப் பையிலிருந்து பாக்குவெட்டி, ஒருவருக்கு வளர்த்துவிட்ட சுண்டுவிரல் நகம். கோயில் பூசாரி தட்டோடு வந்தார். இவராவது விபூதியோடு நிறுத்துவார் என்று நம்பினேன். டேங்க் மேல் விபூதி பூசினார், குங்குமம் வைத்தார், கற்பூரத்தை மட்டும் பெற்றோல் வாடைக்குப் பயந்து தள்ளியே கொளுத்தினார். கும்பிட்டு முடித்து, "எந்தப் பக்கம் திருப்பணும் மாஸ்டர்?" என்றார்.

தோட்டத்தில் ட்ராக்டர் ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கண் ஆபரேஷனுக்குத் திகதி எடுத்துக்கொண்டு திரும்பிய நாளில், புகையைப் பார்த்து அது கறுப்பே இல்லை, நீலம் என்றார். நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும். வெள்ளை என்றால் தண்ணீர். கறுப்பு என்றால்தான் காபரேட்டர். இந்தச் சாத்திரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி; நிறம்தான் தெரியவில்லை. "கறுப்புங்கையா" என்று பத்துப் பேர் சேர்ந்து சத்தியம் பண்ணியபிறகு, அப்படியானால் தொரை காலத்துக் கணக்கு ஒன்றேகால் சுற்று என்று தீர்ப்புச் சொன்னார். எந்த வண்டிக்கு என்று கேட்டேன். லொறிக்கு.

இவர்களுக்குள் இறுக்குகிற கட்சி, லூஸ் பண்ணுகிற கட்சி என்று ஊரே இரண்டாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு கட்சியும் சொல்வது சரி, வேறு வேறு வண்டிக்கு. சில காபரேட்டரில் அந்த ஸ்குரூ காற்றை மறிக்கும். இறுக்கினால் காற்று குறைந்து புகை கூடும். சிலதில் அது பெற்றோலை மறிக்கும். இறுக்கினால் புகை குறையும். ஸ்குரூ த்ரொட்டில் தகட்டுக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். எங்களுடையதில் காற்று ஸ்குரூ. இதை நான் சொன்னபோது இரண்டு கட்சியும் ஒற்றுமையாகி என்னைப் பரிதாபமாகப் பார்த்தன.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். அந்த ஸ்குரூ ஐட்லிங்குக்கு மட்டும்தான். எஞ்சின் சும்மா நின்று புடுபுடுக்கும்போது அதற்கு அதிகாரம் உண்டு. எக்ஸிலேட்டரை இழுத்து, ட்ரெய்லரில் உருளைக்கிழங்கு மூட்டையோடு ஏற்றத்தில் ஏறும்போது பெற்றோல் போவது பெரிய ஜெட் வழியாக. எங்கள் ட்ராக்டர் கன்னங்கரேலென்று கக்குவது அந்த ஏற்றத்தில். ஆக, ஊர் இத்தனை நாளாகக் கட்சி பிரிந்து சண்டை போடுவது, நடந்த குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்குரூவுக்காக. அதைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் மெதுவாகத் தொட வேண்டும். பாக்குவெட்டியால் தொட்டுத் தொட்டு இப்போது தலை மொட்டையாகிக்கொண்டு வருகிறது.

தினமும் கொழுந்தெடுக்கப் போகும் அக்கா ஒருத்தி மட்டும் கூடையை இறக்கிவைத்து, "முந்தி நல்லாத்தானே ஓடுச்சு, இதுல யாரு கை வச்சது?" என்று கேட்டாள். இத்தனை காலத்தில் புத்தியுள்ள ஒரே கேள்வி. அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. தெல்தெனியவுக்குப் போகிற வழியில் எவனாவது பானெட்டைத் தூக்கி வைத்திருந்தால் என் கால் தானாக நிற்கும், கை தானாக இடுப்புக்குப் போகும், "பெற்றோல் வருதா?" என்று வாய் தானாகக் கேட்கும். அவன் டீசல் வண்டிக்காரன் என்பது பிறகுதான் தெரியும். ஆனால் நான் கேட்பதோடு சரி. கை நீட்டுவதில்லை. அதிகம் நீட்டுவதில்லை.

ஃபெர்குசனில் ஒரு நல்ல ஏற்பாடு, அதை ஸ்டார்ட் பண்ணத் தெரிந்தவர் குறைவு. சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. கியர் லீவரை அதற்கென்று இருக்கும் இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி வண்டி தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்று யோசித்துச் செய்த வேலை. எனவே திருப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் தாங்கள் திருப்பியதன் பலனைக் கேட்காமலே போய்விட்டார்கள். ஸ்டார்ட்டர் எங்கே என்று தேடிக் களைத்து, "இப்ப சரியா இருக்கும் மாஸ்டர்" என்று நம்பிக்கையோடு விடைபெற்றார்கள்.

எனக்கு எட்மண்ட் ஹிலாரி மேல் பொறாமை உண்டு. எவரெஸ்டுக்காக இல்லை. 1958 ஜனவரி 4ஆம் திகதி அவர் மூன்று ஃபெர்குசன் ட்ராக்டர்களோடு தென் துருவத்தில் போய் நின்றார். இதே டிஈ-20 வகை, சக்கரத்தில் சங்கிலிப் பட்டை மாட்டியது. துருவம் கடல் மட்டத்திலிருந்து 2,800 மீற்றருக்கு மேல், சுற்றிலும் பனிக்கட்டி. எப்படி முடிந்தது என்று உலகம் வியந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. வழி நெடுக ஒரு பஸ் ஹோல்ட் இல்லை. பென்குயின்கூடக் கரையோரத்தோடு நின்றுவிடும். உள்ளே வந்து அரைச் சுற்று லூஸ் பண்ணச் சொல்லாது.

சரி, வரிசைக்கு வருகிறேன். முதலாவதாகப் பார்க்க வேண்டியது சோக். குளிரில் ஸ்டார்ட் பண்ணுவதற்காகக் காற்றுப் பாதையை மூடுகிற தகடு அது. ஸ்டார்ட் ஆனபிறகு முழுசாகத் திறக்க வேண்டும். கம்பி இறுகியோ, ஸ்பிரிங் தளர்ந்தோ பாதி மூடி நின்றால் கரும்புகைக்கு வேறு காரணமே தேட வேண்டாம். எங்கள் வீட்டில் மச்சான் சோக் கம்பியை இழுத்துவிட்டு மறந்துபோகிறவர். மறந்ததைச் சொன்னால், மூட்டம் விழுகிற ஊரில் எஞ்சினுக்குக் கொஞ்சம் சூடு வேண்டாமா என்று கேட்பார். அவரோடு இதைப் பேசப் போனால் பேச்சு சோக்கில் தொடங்கி 1990களில் என் கல்யாணத்துக்கு அவர் கொடுக்காத ஒரு மோதிரத்தில் முடியும். ஆகவே இரண்டாவதற்குப் போகிறேன்.

இரண்டாவது எயார் கிளீனர். பழைய ட்ராக்டரில் கடதாசி ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு கிண்ணம், அதில் ஒயில். உள்ளே போகும் காற்று ஒயிலில் பட்டுத் தூசியை இறக்கிவிட்டுப் போகும். கிண்ணத்தில் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்குத்தான் ஊற்ற வேண்டும். கூட ஊற்றினால் காற்று திணறும், பெற்றோல் ஜெயிக்கும், புகை வரும். யார் கூட ஊற்றினார் என்று நான் சொல்லப் போவதில்லை. மோதிர விஷயம் போதும்.

மூன்றாவதைத் தொடங்கும்போதுதான் மருமகன் வந்தான். பேராதனையில் படிக்கிறான். வண்டியைத் தொடவே இல்லை, அந்த மட்டில் உத்தமன். "மாமா, இது கோளாறே இல்ல, உயரம்" என்றான். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஐதாகிவிடும், காபரேட்டருக்கு அந்தக் கணக்குத் தெரியாது, கடலோரத்தில் விடுகிற மாதிரியே பெற்றோலை விடும் என்று தாளில் எழுதிக் காட்டினான். கணக்கு முற்றிலும் சரி. கொழும்பில் ஒழுங்காக ஓடுகிற வண்டி இங்கே கொஞ்சம் ரிச்சாகத்தான் ஓடும். ஆனால் இந்த ட்ராக்டர் பல பத்து வருஷமாக இதே மலையில் ஓடியது. புகை வந்தது சமீபத்தில். நக்கிள்ஸ் மலை அதற்குள் வளர்ந்துவிடவில்லையே என்று கேட்டேன். "அது இன்னொரு வேரியபிள் மாமா" என்றான். மூடிய கையின் மொளிகள் என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிந்ததால் அந்த மலைக்கு அந்தப் பெயர். எனக்கு இப்போதெல்லாம் அந்தக் கைக்குள் ஒரு பத்து ரூபாய்க் காசும் தெரிகிறது.

பிறகு மண்ணெண்ணெய்க் கட்சி. பெரியவர்தான் தலைவர். 1949இலிருந்து ஃபெர்குசனில் மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெயில் ஓடுகிற வகையும் வந்தது உண்மை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானபிறகு குழாயை மாற்றி விடுவார்கள். அதற்கு எஞ்சினே வேறு மாதிரி அமைத்திருக்கும். எங்களுடையது பெற்றோல் வகை. "எல்லாம் ஒன்னுதான் மாஸ்டர், நெருப்புதானே" என்கிறார் பெரியவர். இந்த ஞானம் 2022இல் ஊரெல்லாம் பரவியது. அந்த ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், மண்ணெண்ணெய் 87. கலக்கத் தோன்றாத கை எது? ஆகஸ்டில் மண்ணெண்ணெயை ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். கலப்பு ஞானம் அடங்கியது. அடுப்புக்கு மண்ணெண்ணெய் வாங்கிய லயத்துச் சனம்தான் அதற்கும் விலை கொடுத்தது. இதில் எனக்குச் சிரிக்க ஒன்றுமில்லை.

வத்தேகம பக்கத்து மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கடைசியில் வரவழைத்தோம். நாளைக்கு, போயா முடியட்டும், மழை விடட்டும் என்று இழுத்து, ஒரு நாள் மெய்யாகவே வந்தார். வந்தவர் புகையைப் பார்க்கவில்லை, பிளக்கைக் கழற்றினார். காய்ந்த கரி. "ஒயில் இல்ல மாத்தயா, பெற்றோல்தான்." பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்றோல் குழாயை மூடி, காபரேட்டரை இறக்கி, பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். ஓட்டை விழுந்த மிதவைக்குள் பெற்றோல் புகுந்திருந்தால் சளக்கென்று சத்தம் கேட்கும். மிதக்க வேண்டியது அமிழ்ந்து, ஊசி வால்வு மூடாமல், பெற்றோல் வழிந்துகொண்டே இருக்கும். சத்தம் இல்லை. சுற்றி நின்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினார். பாஸ் பொறுமையாகத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, பெரிய ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் இழுபட்டு முட்டை வடிவத்தில் இருந்தது.

"கம்பி விட்டிருக்காங்க."

அடைப்பு எடுக்கிறேன் என்று யாரோ எப்போதோ கிளச் கேபிள் இழையை உள்ளே விட்டுக் குடைந்திருக்கிறார். பித்தளை மெத்தென்ற உலோகம், இரும்புக் கம்பிக்கு நிற்காது. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே வழி ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அடைப்பென்றால் வாயால் ஊத வேண்டும், காற்றடிக்க வேண்டும், பெற்றோலில் ஊறப்போட வேண்டும். கம்பி ஆகாது. பாஸ் இதைச் சொன்னபோது கூட்டத்தில் அமைதி. கட்டார்காரர் தன் பைக் சாவியை யாரிடமோ கொடுக்க வேண்டும் என்று திடீரென்று நினைவு வந்து கிளம்பினார். அவர் பைக் ஏன் அடிக்கடி நிற்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

புது ஜெட்டுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாது. வரும்வரை இதே ஜெட்டோடு, இதே புகையோடு ஓட வேண்டியதுதான். அதுவரை யாரும் ஸ்குரூவைத் தொடக்கூடாது என்று மகளின் சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து அதன் தலையில் பூசி வைத்தேன். மகளிடம் திட்டு வாங்கியது தனி. பூசியதில் ஒரு நஷ்டம், ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கும் இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது.

பாஸைப் பற்றி முழுதாகச் சொல்லவில்லை. அன்று அவர் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கையைத் துடைத்து, தேத்தண்ணி குடித்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டார். குற்றவாளி ஜெட்தான், ஸ்குரூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லார் முன்னாலும் அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. எனக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது. இரண்டடி நடந்தவர் நின்றார். திரும்பி வந்தார். குனிந்து, பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, அரைச் சுற்று லூஸ் பண்ணினார்.

"ஏன் பாஸ்?" என்றேன்.

"சும்மா மாத்தயா" என்றார். அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்.